ஆளுக்கொரு படி

ஒரு கடையில் இரண்டு படிகள் இருந்தால் அதை மோசடி என்போம். வாங்கும்போது பெரிய படியாலும் விற்கும்போது சிறிய படியாலும் அளப்பவனை ஊர் மன்னிப்பதில்லை. அளவையில் குறை செய்வோருக்கு எமது மார்க்கம் விடுத்திருக்கும் எச்சரிக்கையும் மிகக் கடுமையானது. ஆனால் மனிதரின் பழக்கங்களை அளக்க உட்காரும்போது மட்டும் நாம் எல்லோருமே கூச்சமின்றி ஆளுக்கொரு படியை வெளியே எடுக்கிறோம். வெற்றிலை, பீடி, சிகரெட், சாராயம் என எதை எடுத்துக்கொண்டாலும், அது என்ன செய்யும் என்று கேட்பதற்கு முன்னரே அது யாருடைய கையில் இருக்கிறது என்று பார்த்துவிடுகிறோம். தீர்ப்பும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இந்தப் பாடத்தை எனக்குக் கற்றுத்தந்தது ஸ்பிரிங்வெளியில் வாப்பா நடத்திவந்த சில்லறைக் கடை. பதுளை நகரிலிருந்து நமுனுகுல மலைச்சாரலில் வளைந்து வளைந்து ஏறும் பாதையில், சுற்றிலும் தேயிலை மலைகள் சூழ்ந்த இடம் அது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகிச் சில ஆண்டுகள் கழிந்திருந்த காலம். பாடசாலை விடுமுறை நாட்களில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு வெறும் சாக்குப் பெட்டியின் மேல் நான் உட்கார்ந்திருப்பேன். கடன் கொப்பியில் பெயரும் தொகையும் எழுதுவது என் வேலை. எழுதுகின்ற பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. ஆகவே கேட்கக்கூடாத பேச்சுகள் பலவற்றையும் கேட்டு வளர்ந்தேன்.

கடையில் வெற்றிலை ஈரச் சாக்கில் சுற்றி வாசலுக்கருகே இருக்கும். பக்கத்தில் கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டின், கறுத்துப் பிசுபிசுத்த புகையிலை. கண்ணாடிப் போத்தலில் சுருட்டு. பீடிக்கட்டுகள் ஒரு தகரத்தில். சிகரெட் பெட்டிகள் வாப்பாவின் தலைக்கு மேலே இருந்த தட்டில். திரீ ரோசஸும் பிரிஸ்டலும் ஒவ்வொன்றாக உதிரியாக விலைப்படும். கோல்ட் லீஃப் முழுப் பெட்டியாகத்தான் போகும். அதை வாங்க வருபவர் துரை பங்களாவின் அப்பு. சாராயமோ கள்ளோ எங்கள் கடைக்குள் வந்ததில்லை. அது ஹராம். புகையிலை அப்படியல்ல என்பது அக்காலத்து வியாபாரிகள் எல்லோரினதும் எண்ணம். மக்ரூஹ் என்பதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை.

அந்தத் தட்டுகளில் இருந்த சரக்கில் பெரும்பகுதி ஒரே செடியின் இலைதான். ஆனால் அதைப் பாவிப்பவர்களைப் பற்றி ஊர் பேசும்போது வினைச்சொல் மாறிக்கொண்டே போகும். துரை சிகரெட் 'பாவிக்கிறார்'. கணக்கப்பிள்ளை சிகரெட் 'குடிப்பார்'. கவ்வாத்து மலைக்குப் போகிறவன் பீடி 'அடிக்கிறான்'. லயத்துக் கோடியில் குந்தியிருக்கும் கிழவி சுருட்டுக் 'குடிக்குது'. கிழவிக்குச் சுருட்டு அனுமதிக்கப்பட்டிருந்தது. வயது போனவள், பனிக்குளிரில் உடம்பு சூடேற வேண்டும், போகட்டும் என்று விட்டிருந்தார்கள். அதே கிழவியின் பேத்தி ஒரு பீடியைக் கையில் எடுத்திருந்தால் லயமே திரண்டு வந்திருக்கும்.

வெற்றிலைக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. பெண்கள் சத்தமாகவே கேட்பார்கள். "மொதலாளி, வெத்தலையும் பொகையிலையும் குடுங்க, கொப்பில போடுங்க." கொப்பியில் புருஷனின் பெயரில்தான் கணக்கு ஏறும். பெண்ணின் பெயரில் கணக்குத் திறக்கும் வழக்கம் இல்லை. ஆனால் வாங்கியதை மறைத்துக் கொண்டுபோக வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருந்ததில்லை.

பெண்ணுக்கு வெற்றிலை, ஆணுக்குப் பீடி என்ற பிரிவினை எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். பண்பாடு என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். எனக்கு வேலைதான் பெரிய காரணமாகத் தோன்றுகிறது. கொழுந்தெடுப்பவளுக்கு இரண்டு கைகளும் வேண்டும். காலையிலிருந்து மாலை நிறுவை வரை அந்தக் கைகள் நிற்கக்கூடாது. நின்றால் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் அரைப் பேர். பீடி குடிக்க வேண்டுமானால் கையை எடுக்க வேண்டும், நெருப்புப்பெட்டியைத் தேட வேண்டும், மழையில் ஒதுங்க வேண்டும். வெற்றிலைக்கு ஒதுங்க வேண்டியதில்லை. ஒருமுறை வாயில் அடக்கிக்கொண்டால் போதும். பசியும் தெரியாது, குளிரும் தெரியாது, கைகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மலைக்குப் பொறுப்பான கங்காணி ஒரு கல்லில் சாய்ந்து பீடி பற்றவைக்க நேரம் இருந்தது. அவருக்கு முன்னால் நிரையில் நின்ற பெண்ணுக்கு அந்த நேரம் இருக்கவில்லை. வேலைக்கு இடைஞ்சல் இல்லாத பழக்கம் நல்ல பழக்கமாயிற்று. வேலையை நிறுத்தும் பழக்கம் பெண்ணுக்கு ஆகாத பழக்கமாயிற்று.

தோட்டத்தைச் சொல்லிவிட்டு எங்கள் வீட்டை விட்டுவிடுவது நியாயமாகாது. உம்மம்மாவின் பித்தளை வெற்றிலைத் தட்டம் வீட்டின் கௌரவங்களில் ஒன்று. கல்யாணம் பேச வருகிறவர்களுக்கு முன்னால் முதலில் வைக்கப்படுவதும் அதுதான். என் ராத்தாவுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய பெண்கள் அவளுக்கும் ஒரு வெற்றிலையை மடித்துக் கொடுத்தார்கள். வாய் சிவந்ததைப் பார்த்து, மாப்பிள்ளை நல்லவனாக அமைவான் என்று சிரித்தார்கள். அதே ராத்தா அதே ஆண்டில் கடையில் கிடந்த பற்றவைக்காத ஒரு சிகரெட்டை விளையாட்டாக உதட்டில் வைத்துக் கண்ணாடி பார்த்தாள். உம்மாவின் கை கன்னத்தில் விழுந்த சத்தம் கடைக்குக் கேட்டது. வெற்றிலையோடு மடித்துக் கொடுத்தது நிஜமான புகையிலை. உதட்டில் வைத்தது வெறும் பாவனை. அடி விழுந்தது பாவனைக்கு.

ஆண்களுக்கோ நோன்பு மாதத்தில்கூட விலக்கு இருந்தது. பகலெல்லாம் பொறுத்திருந்துவிட்டு, பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்ததும் பள்ளிவாசல் மதிலோரம் நெருப்புப் பொறிகள் வரிசையாகத் தெரியும். அதை யாரும் விகாரமாகப் பார்த்ததில்லை. "பாவம், பகல் முழுக்கத் தாங்கினவங்க" என்று பெண்களே இரக்கப்படுவார்கள்.

இந்த எல்லைக்கோடுகள் அல்லாஹ் வகுத்தவை என்றோ ஆதியிலிருந்தே இருந்தவை என்றோ நினைத்துக்கொள்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இன்று வீட்டுக்கு வந்தவர் ஒரு கோப்பை தேத்தண்ணியோ கோப்பியோ வேண்டாம் என்றால் நமக்கு மனம் நோகிறது. அந்தக் கோப்பியே ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது. 1511இல் மக்காவின் நிர்வாகத்தைக் கவனித்த கைர் பேக் என்பவர் அதைத் தடைசெய்தார். கெய்ரோவிலிருந்த சுல்தான் அந்தத் தடையைப் பின்னர் தளர்த்தினார். 1633இல் உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் கோப்பிக் கடைகளை மூடினார். புகையிலை குடித்தோருக்கு மரண தண்டனை வரை போனார். அதே முராத் மது அருந்தும் பழக்கமுடையவராக இருந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். தெருவில் பிடிபட்டவனின் கோப்பைக்கு ஒரு படி, அரண்மனைக் கோப்பைக்கு வேறு படி.

ஊவாவின் மலைகளும் தேயிலைக்கு முன்னர் கோப்பி மலைகளாகவே இருந்தவை. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் இலங்கையின் கோப்பியை அழித்த பிறகே தேயிலை மலைகளை நிறைத்தது. ஒரு காலத்தில் தடைசெய்யப்பட்ட பானத்துக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மனிதர்கள் கால்நடையாகக் கொண்டுவரப்பட்டார்கள். பிறகு அந்த மனிதர்களுடைய பழக்கங்களைப் பற்றி எல்லோரும் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினார்கள்.

'தோட்டத்து ஆள் குடிகாரன்' என்பது அவற்றில் தலையாய தீர்ப்பு. இதைச் சிங்களவரும் சொன்னார்கள், யாழ்ப்பாணத்தவரும் சொன்னார்கள், பதுளை பசாரில் துணிக்கடை வைத்திருந்த எமது ஆட்களும் சொன்னார்கள். தோட்டத்தில் குடி இல்லை என்று நான் வாதாட வரவில்லை. சம்பள நாள் மாலையில் தவறணையிலிருந்து ஏறிவரும் குரல்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். கசிப்பு எத்தனை வீடுகளைத் தின்றது என்பதையும் அறிவேன். நான் கேட்பது வேறு. துரைமார் கிளப்பில் அதே இரவில் விஸ்கி போத்தல்கள் திறக்கப்பட்டன. அங்கிருந்து இறங்கிய வாகனங்களும் சில வேளைகளில் பாதையை விட்டு விலகிப் போயின. அதைக் குடி என்று யாரும் சொல்லவில்லை. துரை 'பார்ட்டிக்குப் போயிருக்கிறார்'. ஆபீஸில் இருந்த எழுதுவினைஞர் 'இடைக்கிடை கொஞ்சம் எடுப்பார்'. தொழிலாளி மட்டும் 'குடிகாரன்'. முதலிரண்டும் செயல்கள், மூன்றாவது மனிதனுக்கே வைத்த பெயர்.

விற்பவருக்கும் குடிப்பவருக்கும் இடையிலும் இதே பேதம் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் சாராயக் குத்தகை எடுத்துச் செல்வம் சேர்த்துத் தோட்டங்களையும் மாளிகைகளையும் வாங்கி நாட்டின் பெரிய மனிதர்களாக எழுந்த குடும்பங்களைப் பற்றிக் குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். சாராயத்தை விற்றவரின் பெயரில் வீதிகள் அமைந்தன. வாங்கிக் குடித்தவனின் பெயர் வசைச்சொல்லாயிற்று.

இந்த வரிசையில் எல்லோருக்கும் கீழே நிற்பவள் பெண். ஆணின் குடியைச் சொல்ல ஊருக்கு மூன்று நான்கு வினைச்சொற்களாவது இருந்தன. ஒரு பெண் குடித்தால் அதைச் சொல்ல வினைச்சொல்லே கிடையாது. குரலைத் தாழ்த்திக் கண்ணைக் காட்டுவார்கள்.

இதை ஊர் மட்டும் செய்யவில்லை. நாட்டின் சட்டமும் செய்தது. 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தலொன்று தவறணை வளவுக்குள் பெண்ணுக்கு மது விற்கவோ கொடுக்கவோ கூடாது என்றது. அது ஏறத்தாழ மறக்கப்பட்டே கிடந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கும் வர்த்தமானியில் கையொப்பமிட்டபோதுதான் அப்படியொரு சட்டம் இருந்ததே பலருக்குத் தெரியவந்தது. குடும்பம் சீரழியும், பண்பாடு அழியும் என்று எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த மாற்றத்தை விலக்கிக்கொள்ளுமாறு பணித்தார்.

அந்த நாட்களில் பதுளையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நடந்த வாதம் நினைவிருக்கிறது. "பொம்பளயளுக்கு சாராயம் விக்க ஏலுமா? நீங்க என்ன செல்றீங்க?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நான் ஒரு முஸ்லிம். யாருக்கும் சாராயம் விற்க வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் அந்தச் சட்டம் சாராயத்தைத் தடுக்கவில்லையே! வாசலில் நின்று ஆளைப் பார்த்து உள்ளே விட்டது, அவ்வளவுதான். எமது மார்க்கத்தில் போதை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் விலக்கப்பட்டிருக்கிறது. விலக்கு பொருளின் மேல் இருக்கிறது, ஆளின் மேல் இல்லை. நம்முடைய வழக்கம் அதைத் தலைகீழாக்கி, ஆளின் மேல் விலக்கைப் போட்டுப் பொருளைத் தாராளமாக ஓடவிடுகிறது. குடும்பத்தைக் காப்பதற்காக அத்தடை என்றார்கள். குடும்பத்தின் பணம் தவறணைக்குள் யாருடைய சட்டைப்பையில் நுழைகிறது என்று அந்த வாதத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இக்கேள்வியின் கனம் விளங்கும். மனைவியின் சம்பளத்தையும் சேர்த்துக் கணவனே போய் வாங்கிக்கொள்ளும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. அவள் பனியிலும் அட்டைக்கடியிலும் நின்று எடுத்த கொழுந்தின் கூலி, அவன் கையால் தவறணை மேசைக்குப் போகலாம். அதற்கு எந்த அறிவித்தலும் குறுக்கே நிற்கவில்லை. அவள் அந்தப் படியில் கால் வைக்கக்கூடாது என்பதில் மட்டும் அரசு கவனமாக இருந்தது.

இதெல்லாம் மரியாதை பற்றிய சண்டை, இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். நட்டம் உயிர்வரை போகும். நான் அருகிலிருந்து பார்த்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாமவர் என் சாச்சி. குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் வெற்றிலைத் தட்டம் அவருடைய பொறுப்பு. மடியில் ஒரு சிறு செப்பு எப்போதும் இருக்கும். சோற்றுக்குப் பின், தேத்தண்ணிக்குப் பின், அஸர் தொழுதபின், இரவு படுக்குமுன் என்று வாய் ஓய்ந்திருந்ததில்லை. நாற்பத்தைந்து வயதளவில் அவருக்குக் காரம் பட்டால் வாய் எரியத் தொடங்கியது. கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகத் தடித்திருந்தது. சுண்ணாம்பு கூடிவிட்டது என்றார்கள். பிறகு வாய் முழுதாகத் திறக்க முடியாமல் இறுகியது. சோற்றுப் பிடியைச் சிறிதாக்கிக்கொண்டார். வயதுக்கு வருவதுதானே என்றார்கள். வெற்றிலையை விடு என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? அது ஒரு பழக்கமாகவே அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. சாச்சி சிகரெட் குடித்திருந்தால் முதல் நாளே வீடு இரண்டுபட்டிருக்கும். அந்தச் சண்டையில் ஒருவேளை உயிர் தப்பியிருக்கும். வாய்ப் புற்றுநோய் என்று கண்டபோது காலம் கடந்திருந்தது. ஜனாஸா வீட்டுக்கு வந்த பெண்களுக்கும் வெற்றிலை வைக்கப்பட்டது.

இரண்டாமவர் எங்கள் கடைக்கு வரும் கொழுந்துக்காரி. அக்கா என்றே நாங்கள் அழைப்போம். மலையில் அவருடைய கைக்கு நிகரில்லை என்பார்கள். கூடை இழுத்த தோளும் முதுகும் இரவில் வலிக்கும். புருஷன் கொண்டுவரும் போத்தலில் ஒரு வாய் எடுத்தால் தூக்கம் வரும் என்று தொடங்கியது. சில ஆண்டுகளில் அது கசிப்பாயிற்று. வீட்டுக்குள்ளேயே குடித்தார், வெளியே தள்ளாடியதில்லை, வேலைக்குப் பிந்தியதில்லை. ஆனாலும் லயத்தில் ஒரு சுவர்தானே, வாசனை அடுத்த காம்பராவுக்குப் போய்விடும். மூத்த மகளுக்கு அடுத்த டிவிசனிலிருந்து வந்த சம்பந்தம் அதனால் முறிந்தது. பையனின் தாய் எங்கள் கடை வாசலில் நின்றே யாரிடமோ சொன்னார்: "அப்பன் குடிக்காத வீடு எங்க இருக்கு? ஆத்தா குடிச்சா எப்புடிங்க பொண்ணெடுக்கிறது?"

அந்த வீட்டில் அப்பன் குடித்த அளவில் கால்வாசியும் ஆத்தா குடித்திருக்க மாட்டார். அதன்பின் அக்கா தன் பழக்கத்தை இன்னும் ஆழமாக ஒளித்துவைத்தார். கண் மஞ்சளித்து, வயிறு வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது மருத்துவர் புருஷனைப் பார்த்து, "நீ குடிப்பியா?" என்று கேட்டாராம். அவன் ஆம் என்றான். அவனுக்குப் புத்திமதி கிடைத்தது. அக்காவிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. கேட்டிருந்தாலும் இல்லை என்றே சொல்லியிருப்பார். ஆமென்று சொல்வதற்கு இன்னும் இரண்டு மகள்கள் வீட்டில் இருந்தார்கள்.

ஒருவரின் பழக்கம் மதிக்கப்பட்டதால் அதன் கேடு யாருக்கும் தெரியவில்லை. மற்றவரின் பழக்கம் இழிக்கப்பட்டதால் அதன் கேட்டை வெளியே சொல்ல முடியவில்லை. இரட்டைப் படியால் அளக்கும் ஊரில் இரண்டு பக்கத்தவரும் சாகிறார்கள். புகழப்பட்டவள் எச்சரிக்கப்படாமல் சாகிறாள். தூற்றப்பட்டவள் உதவி கேட்காமல் சாகிறாள். இந்த விடயத்தில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

மருத்துவ அறிவு இதைத் தாமதமாகவேனும் தெளிவாகச் சொல்லிவிட்டது. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இலேயே கூறியது. புகையிலை இல்லாத வெற்றிலைக்கூறும், ஏன், வெறும் பாக்கும்கூட அப்படியே என்பதை 2004இல் வெளியான அதன் அறிக்கை உறுதிசெய்தது. இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. 2015இல் நாடளாவிய முறையில் நடத்தப்பட்ட சுகாதார ஆய்வில், ஆண்களில் நூற்றுக்கு 29 பேரளவில் புகைப்பவர்களாக இருந்தார்கள். பெண்களில் ஆயிரத்துக்கு ஒருவரளவில்தான். இதைப் பார்த்து எமது பெண்கள் புகையிலையிலிருந்து தப்பினார்கள் என்று பெருமைப்படலாம். ஆனால் அதே ஆய்வில், புகையில்லாத புகையிலையைப் பாவித்த பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேரளவில். வாசல் கதவைப் பூட்டிவிட்டோம். கொல்லைக் கதவில் வெற்றிலைத் தட்டத்தோடு நாமே நின்று வரவேற்றோம்.

சட்டம் சில இடங்களில் ஒரே படியைத் தூக்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலையும் மதுவும் விற்கக்கூடாது என்றது. துரையாக இருந்தாலும் தொழிலாளியாக இருந்தாலும் விதி ஒன்று. 2016இல் மெல்லும் புகையிலைக் கலவைகளுக்குத் தடை வந்தது. நல்ல காரியம். ஆனாலும் சிகரெட் வரி கட்டிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பீரமாகவே இருந்தது. ஏழையின் வாயிலிருந்த புகையிலை தடைக்குள்ளானது, காசுள்ளவனின் விரலிடையில் இருந்த புகையிலை வருமானமாகக் கணக்கில் ஏறியது. இதற்குத் திறைசேரியிடம் காரணம் இருக்கும். கடன் கொப்பி எழுதிப் பழகியவனுக்கு அந்தக் கணக்கு விளங்குவது கடினம்.

எல்லாப் பழக்கங்களும் ஒன்றே, யாரும் எதையும் செய்யலாம் என்பது என் கட்சியல்ல. மலையில் நாள் முழுக்க நனைந்தவள் அடக்கும் வெற்றிலைக்கும், குழந்தையின் பால்மாப் பணத்தில் குடிக்கும் சாராயத்துக்கும் பேதம் உண்டு. ஆனால் அந்தப் பேதத்தைக் காணும் கேள்விகள் வேறு. இது குடிப்பவரின் உடலை என்ன செய்கிறது? வீட்டாரின் சோற்றை என்ன செய்கிறது? பக்கத்தில் நிற்பவரை என்ன செய்கிறது? இம்மூன்றையும் துரையிடமும் கேட்கலாம், கங்காணியிடமும் கேட்கலாம், மௌலவியிடமும் மாமியிடமும் கேட்கலாம். கேட்கும் குரல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறாதிருக்க வேண்டும்.

அது எவ்வளவு கடினம் என்பதை அண்மையில் பதுளையில் நடந்த எங்கள் குடும்பத்துக் கல்யாணமொன்றில் கண்டேன். படித்த பிள்ளைகள் ஒன்றுகூடி, இம்முறை வெற்றிலைத் தட்டம் வைப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். பதிலுக்குப் பேரீச்சம்பழமும் ஏலக்காயும் வைத்தார்கள். சாச்சியின் கதை அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. எனக்கு மகிழ்ச்சிதான். வயதான பெண்கள் ஏலக்காயை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்கள். அவர்களில் ஒரு மாமி, யன்னலூடாக வெளியே பார்த்தார். மண்டபத்து வாசலருகே மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் வீட்டாருமாக ஏழெட்டு ஆண்கள் நின்று புகைத்துக்கொண்டிருந்தார்கள். தீர்மானம் எடுத்த பிள்ளைகளில் இருவரும் அதில் இருந்தார்கள்.

"எங்கட தட்டத்த எடுத்துப் போட்டீங்க, நல்லம்," என்றார் மாமி. "அந்தா அங்க ஊதுறாங்களே, அத எடுக்க ஆரு வாற?"

அறையில் இருந்த யாரும் பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்துப் பார்த்த மாமி, சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, ஒரு பாக்குத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.